பழம் சாப்பிட்டால் பரம்பரை நோய் மாறுமா?



சேவூர், ஆரணி பக்கம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, சந்தா, உள்கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பிவிடும். அப்போது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது: "எங்கம்மாவுக்கு சர்க்கரை, எங்க பெரியம்மாவுக்கு சர்க்கரை. எனக்கும் வரத்தான் போவுது. ரத்தத்துலயே இருக்குது, நாம என்ன பண்ண முடியும்?"

சமீப காலமாக இன்னொரு பேச்சும் கேட்கிறது. "இந்தப் பழச்சாறு ஜீனையே மாத்திடுமாம், பரம்பரை நோய் போயிடுமாம்" என்று சொல்லி வீடு வீடாகப் பாட்டில் விற்கிறார்கள். அதை வாங்க உள்கடன் கேட்டவர்களும் உண்டு.

ஒரு பேச்சு "எதுவும் செய்ய முடியாது" என்கிறது. இன்னொரு பேச்சு "ஒரு பாட்டில் எல்லாத்தையும் செய்துவிடும்" என்கிறது. இரண்டையும் நம்ப வேண்டாம். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும், பழத்துக்கும், மரபணுவுக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. அது என்ன தொடர்பு, அதை வைத்து நாம் என்ன செய்யலாம் என்று இந்த இதழில் பார்ப்போம். கொஞ்சம் நீளமான கட்டுரைதான். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்து மற்றவர்கள் கேட்டால் நல்லது.

மரபணு என்றால் என்ன?

நம் உடம்பு கோடிக்கணக்கான சின்னச் சின்ன அணுக்களால் ஆனது. இவற்றை 'செல்' என்கிறோம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உடம்பை நடத்துவதற்கான குறிப்புகள் இருக்கின்றன. அவைதான் மரபணுக்கள். 'ஜீன்' என்பதும் இதுதான். மனிதருக்குச் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. தலைமுடி எப்படி இருக்கும், உயரம் எவ்வளவு, சர்க்கரை வருகிற வாய்ப்பு கூடுதலா குறைவா என்பதில் எல்லாம் இதற்குப் பங்கு உண்டு.

இங்கே ஒரு கேள்வி வரும். எல்லா செல்லிலும் ஒரே குறிப்புகள் என்றால், கண் ஏன் கண்ணாக இருக்கிறது? கல்லீரல் ஏன் கல்லீரலாக இருக்கிறது?

பட்டுப்புழுவை வைத்துப் பார்த்தால் புரியும். அதன் உடம்பு முழுவதும் ஒரே மரபணுக்கள்தான். ஆனால் பட்டு இழை ஊறுவது அதன் பட்டுச் சுரப்பியில் மட்டும்தான். அந்தச் சுரப்பியிலும், பின்பகுதி இழையை உண்டாக்குகிறது. நடுப்பகுதி அந்த இழையின் மேல் படிகிற பசையை உண்டாக்குகிறது. நூலைச் சோப்பு, சோடா போட்டு வேகவைத்து நீக்குகிறோமே, அதே பசைதான். இழைக்கான மரபணு பின்பகுதியில் வேலை செய்கிறது, பசைக்கான மரபணு நடுப்பகுதியில் வேலை செய்கிறது. மற்ற இடங்களில் இரண்டும் இருந்தும் சும்மா இருக்கின்றன.

ஆக, மரபணு இருப்பது ஒன்று, அது வேலை செய்வது வேறு. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

தறியில் அட்டை மாதிரி

இதை நம்ம ஊர்த் தறியை வைத்தே சொல்லலாம். ஜக்கார்டில் டிசைன் அட்டை மாட்டுகிறோம். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை எழும்பாது. தெரியாமல் ஒரு துளை அதிகமாக விழுந்துவிட்டால் என்ன செய்வார்கள்? அட்டையை எறிய மாட்டார்கள். அந்தத் துளை மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். அட்டை அதேதான். ஆனால் அந்த இழை இனி எழும்பாது. காகிதத்தைப் பிய்த்துவிட்டால் மறுபடியும் எழும்பும்.

மரபணுக்கள் அந்த அட்டை மாதிரி. அவற்றின் மேல் ஒட்டுகிற துண்டுக் காகிதம் மாதிரி ஒரு பொருள் நம் உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் 'மெத்தில்'. ஒரு மரபணுவின் ஆரம்பத்தில் மெத்தில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிவிடும். ஒட்டு விலகினால் வேலை செய்ய வழி கிடைக்கும். மரபணுவை அடக்கவும் எழுப்பவும் உடம்புக்கு வேறு வழிகளும் உண்டு. அவற்றில் நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது இது.

இனி பாட்டில்காரர்கள் "ஜீனையே மாத்திடும்" என்று சொன்னால் உங்களுக்கே பதில் தெரியும். எந்தப் பழமும், எந்தச் சாறும் அட்டையை மாற்றாது. சாப்பாடு செய்யக்கூடியது, அட்டையில் எந்தத் துளை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிப்பதுதான். அதுவும் ஒரு நாளில் நடப்பதில்லை.

சாப்பாடு எப்படி அங்கே போய்ச் சேருகிறது?

மெத்தில் வானத்திலிருந்து வருவதில்லை. நாம் சாப்பிடுகிறதிலிருந்துதான் உடம்பு அதைத் தயாரிக்கிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் எனப்படும் ஃபோலேட் சத்து, பி12 வைட்டமின் போன்றவை தேவை. ஃபோலேட் சத்து கீரையிலும் பருப்பிலும் அதிகம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, மாம்பழம் ஆகியவற்றிலும் இருக்கிறது. பி12 செடியில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும். அதனால் "பழம் மட்டும் சாப்பிடறேன், போதும்" என்றால் போதாது.

தேனீக்களிடம் சாப்பாட்டின் வேலையை நன்றாகப் பார்க்கலாம். ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. முதல் சில நாள் எல்லாப் புழுவுக்கும் தேனீக்கள் சுரக்கிற ஒரு தனிப் பால் கிடைக்கும். பிறகு ராணியாக வேண்டிய புழுவுக்கு மட்டும் அந்தப் பால் தொடரும். மற்றவற்றுக்கு மகரந்தமும் தேனும். சாப்பாட்டில் இருந்த இந்த வித்தியாசத்தால் ஒன்று பெரிய உடம்போடு வருஷக்கணக்கில் வாழ்ந்து முட்டை இடுகிறது. மற்றது சில வாரமே வாழ்ந்து வேலை செய்து சாகிறது. 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், மெத்தில் ஒட்டுகிற வேலையைப் புழுக்களில் குறைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ராணி போலவே வளர்ந்தன.

சரி, அது தேனீ. மனுஷங்களுக்கு?

1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டில் போரினால் கடும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் கருவான குழந்தைகளைச் சுமார் 60 வருஷம் கழித்து, அவர்கள் வயசானவர்களாக இருந்தபோது சோதித்தார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில், பஞ்சத்தைப் பார்க்காத அவர்களுடைய கூடப்பிறந்தவர்களைவிட இவர்களுக்கு மெத்தில் ஒட்டு குறைவாக இருந்தது. இந்த முடிவு 2008-இல் வெளியானது. அம்மா வயிற்றில் உருவான முதல் வாரங்களின் பசி, 60 வருஷம் கழித்தும் உடம்பில் அடையாளமாக இருந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே கிராமத்துப் பெண்களின் சாப்பாடு மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வறண்ட காலத்தில் வேறு மாதிரி. எந்தக் காலத்தில் அம்மா கருவுற்றாள் என்பதைப் பொறுத்துக் குழந்தையின் மெத்தில் அடையாளங்கள் மாறியிருப்பதை 2014-இல் காட்டினார்கள். விவசாயத்தையும் மழையையும் நம்பி வாழ்கிற நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை.

பழம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் பார்த்தது

குறிப்பாகப் பழத்தை வைத்தும் ஆய்வு நடந்திருக்கிறது. நார்வே நாட்டில் புகை பிடிக்கிற ஆண்கள் 102 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான சாப்பாட்டோடு தினமும் மூன்று கிவி பழம் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் பலவகைப் பழம், காய், கொட்டைகள் கொண்ட சாப்பாடு சாப்பிட்டார்கள். மூன்றாவது பிரிவினர் எதையும் மாற்றவில்லை. 8 வாரம் கழித்து ரத்த அணுக்களைப் பார்த்தபோது, உடம்பைச் சேதத்திலிருந்து காப்பாற்றுகிற, சேதமானதைச் சரிபண்ணுகிற மரபணுக்களில் சில முன்பைவிட அதிகமாக வேலை செய்தன. 2010-இல் இது வெளியானது.

இதைப் படித்துவிட்டு யாரும் கிவி பழம் தேடிப் போக வேண்டாம். அது தூரத்திலிருந்து வருகிற விலை அதிகமான பழம். இந்த ஆய்வு காட்டியது ரத்த அணுக்களில் நடந்த மாற்றம். நோய் குணமானது என்று அது சொல்லவில்லை. தினமும் சாப்பிடுகிற பழம் செல்லுக்குள் போய்ப் பேசுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான்.

மும்பை குடிசைப் பகுதியில் செய்து பார்த்தது

நம்மைப் போன்ற பெண்களிடம் நடந்த ஆய்வு மும்பையில் நடந்தது. 2006-இல் தொடங்கி 2012 வரை நடந்தது. குடிசைப் பகுதிகளில் வாழும், குழந்தை பெற்றுக்கொள்ள இருந்த 6,513 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். மாத்திரை கொடுக்கவில்லை. தினமும் ஒரு சிற்றுண்டி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி. இன்னொரு பிரிவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை வைத்த சாதாரணச் சிற்றுண்டி. கருவுறுவதற்கு முன்பே ஆரம்பித்து, பிரசவம் வரை கொடுத்தார்கள்.

என்ன நடந்தது? மொத்தமாகப் பார்த்தபோது குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், குழந்தையின் எடை சராசரியாக 48 கிராம் கூடியிருந்தது. இன்னும் முக்கியமானது, கர்ப்ப காலத்தில் வருகிற சர்க்கரை. சாதாரணச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களில் 100-க்கு 12 பேருக்கு மேல் அது வந்தது. கீரை, பழம், பால் சாப்பிட்டவர்களில் 100-க்கு 7 பேர் அளவுக்குத்தான் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்திலேயே ரொம்ப மெலிந்திருந்த பெண்களின் குழந்தைகளுக்கு எடை கூடவில்லை. நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: வயிறார சோறும் பருப்பும் கிடைக்காத பெண்ணுக்குப் பழம் மட்டும் கொடுத்தால் பத்தாது. முதலில் அவள் தட்டு நிறைய வேண்டும்.

இரண்டாவது பாடம் நேரத்தைப் பற்றியது. நம் வீடுகளில் பெண்ணுக்குப் பழம் வாங்கிக் கொடுப்பது எப்போது? ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், வளைகாப்பு என்றால் ஆப்பிளும் மாதுளையும் தட்டில் வரும். ஆனால் மும்பை ஆய்வு சொல்கிற நேரம் அதற்கு ரொம்ப முன்னாடி. கல்யாணமான புதுசிலேயே, சொல்லப்போனால் பெண் வயசுக்கு வந்ததிலிருந்தே, அவளுக்குச் சத்தான சாப்பாடு வேண்டும். மாசம் தவறிய பிறகு ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துபோயிருக்கும்.

குடும்பத்தில் சர்க்கரை இருந்தாலும்

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர் அளவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அம்மா அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் வாய்ப்பு என்பது தீர்ப்பு இல்லை.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை வருகிற நிலைக்குப் பக்கத்தில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். எந்த மாற்றமும் செய்யாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைச் சீராக்கி, தினமும் நடந்தவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. அந்த 16 பேருடைய அட்டையை யாரும் மாற்றவில்லை. அவர்கள் சாப்பிட்டதும் நடந்ததும்தான் மாறியது.

காலையிலிருந்து தறியில் உட்கார்ந்து, பசிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டு, ராத்திரி ஒரு வேளை மட்டும் நிறையச் சோறு சாப்பிடுகிற நம்ம வழக்கத்தை இதோடு வைத்து யோசியுங்கள். பத்து மணி பன்னுக்குப் பதிலாக ஒரு கொய்யா, சாயங்காலம் அரை மணி நேர நடை. இதில் ஆரம்பிக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பழம் சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொய்யா, நெல்லி, நாவல், பப்பாளித் துண்டு போன்றவற்றை அளவாகச் சாப்பிடலாம். மாம்பழம், பலா, வாழைப்பழம் போன்றவற்றில் அளவு இன்னும் குறைய வேண்டும். பழமாகக் கடித்துத்தான் சாப்பிட வேண்டும், சாறு வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 1,87,000 பேரைப் பல வருஷம் கவனித்து 2013-இல் சொன்ன முடிவு இது: திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வந்தது. பழச்சாறு அதிகமாகக் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. சாறு பிழிந்தால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, இனிப்பு மட்டும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது.

ரத்தசோகைக்கு ஒரு கொய்யா

2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம்ம குழுவில் 15 பேர் என்றால் அதில் 8 பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோறு, பருப்பு, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றுச் சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யா கொடுத்தார்கள். இரும்புச்சத்து உடம்பில் சேருவது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. சாப்பாட்டைக் கூட்டவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை, ஒரு கொய்யாதான் கூட வந்தது.

அதனால் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்புச்சத்தைத் தடுக்கும். அந்த இடத்தில் ஒரு கொய்யாவோ, ஒரு நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் சோற்றில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். செவிலியர் கொடுக்கிற சத்து மாத்திரையையும் டீயோடு போடக்கூடாது.

எந்தப் பழம் வாங்கலாம்?

விலை அதிகமான பழத்தில்தான் சத்து என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. 100 கிராமில் இருக்கிற வைட்டமின் சி அளவைப் பாருங்கள்:

நெல்லிக்காய் – 250 மில்லிகிராமுக்கு மேல்
கொய்யா – 200 மில்லிகிராமுக்கு மேல்
ஆரஞ்சு – சுமார் 40 முதல் 50 மில்லிகிராம்
ஆப்பிள் – 5 மில்லிகிராமுக்கும் குறைவு

ஆப்பிள் கெட்டது என்று சொல்லவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கடன் வாங்கியாவது ஆப்பிள் வாங்க வேண்டியதில்லை, கொய்யா வாங்கிப் போனாலும் மரியாதைதான் என்று சொல்கிறோம்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பழம் உண்டு. சித்திரை, வைகாசியில் மாம்பழம். ஆனி, ஆடியில் நாவல். ஆவணிக்குப் பிறகு சீத்தாப்பழம், அது ஜவ்வாது மலையிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையிலிருந்து நெல்லிக்காய். மார்கழி, தையில் இலந்தை. கொய்யா, பப்பாளி, வாழை ஏறக்குறைய எப்போதும் கிடைக்கும். ஒரே பழத்தைப் பிடித்துக்கொள்ளாமல் காலத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் பலவகைச் சத்தும் கிடைக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. நடுத்தர அளவு கொய்யா ஒன்று அவ்வளவு இருக்கும். அதோடு காயும் கீரையும் சேர்ந்து 400 கிராம்.

கர்ப்பிணிகள் பப்பாளி சாப்பிடலாமா என்ற கேள்வியும் வரும். பழுக்காத பப்பாளிக்காயில் பால் இருக்கும், அது கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பழுத்த பழத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களுக்குப் பயம் இருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். கொய்யா, நெல்லி, வாழை, மாதுளை என்று வேறு பழம் இருக்கிறது. பழமே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பழத்தையும், இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. அவர்களுக்குச் சில பழங்கள் ஆபத்தாக முடியும்.

பாட்டிலைப் பற்றி ஒரு கணக்கு

ஒரு பாட்டில் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "மூணு பாட்டில் குடிச்சாத்தான் பலன்" என்பார்கள். 3,000 ரூபாய் உள்கடன். மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மாதா மாதம் வட்டியே 60 ரூபாய். கொய்யா கிலோ 50 ரூபாய் விற்றால், அந்த வட்டிப் பணத்திலேயே மாதம் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கலாம். அசல் 3,000 ரூபாய்க்கு 60 கிலோ. ஆளுக்கு 100 கிராம் என்று நாலு பேர் உள்ள வீட்டுக்கு 150 நாள் வரும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அதைவிடப் பயம் வேறு ஒன்று. "இதைக் குடிச்சா மாத்திரை வேண்டாம்" என்று சொன்னதை நம்பிச் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழம் சாப்பாட்டின் பகுதி, மருந்துக்குப் பதில் ஆகாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். காசு இல்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பழம் யார் தட்டில் விழுகிறது?

இவ்வளவு சொல்லிவிட்டு இதைக் கேட்காமல் விட முடியாது. வீட்டுக்கு அரை டஜன் வாழைப்பழம் வந்தால் யார் சாப்பிடுகிறார்கள்? பிள்ளைகள், வீட்டுக்காரர், மாமனார், மாமியார். மீந்தால் மருமகள். பெரும்பாலும் மீறாது. கல்யாணம் ஆகிப்போகிற பெண் பிள்ளைக்கு எதற்கு என்று ஆண் பிள்ளைக்கு ஒன்று கூடக் கொடுக்கிற வீடும் உண்டு.

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அடுத்த தலைமுறையின் உடம்பு எப்படி அமையும் என்பதில், அம்மா ஆகப்போகிற பெண் என்ன சாப்பிட்டாள் என்பதற்குப் பங்கு இருக்கிறது. பேரப்பிள்ளை நல்லா இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மாமியார், மருமகள் தட்டில் இன்றைக்கு ஒரு பழம் வைக்க வேண்டும். அதே நேரம், பிள்ளைக்கு எடை குறைந்தால், சர்க்கரை வந்தால், "நீ ஒழுங்கா சாப்பிடல" என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அவள் தட்டில் என்ன விழுந்தது என்பதை அவள் மட்டும் முடிவு செய்யவில்லை. மரபணுவும் பாதி அப்பாவுடையது.

பெண் பிள்ளைக்காகச் சாப்பிடுகிறாள் என்பதும் முழு உண்மை இல்லை. குழந்தை பெறாதவளும், பெற்று முடித்தவளும், அறுபது வயசுப் பாட்டியும் தன் உடம்புக்காகச் சாப்பிட வேண்டும். நம்ம ரத்தமும் எலும்பும் நமக்கும் வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசவும் செய்யவும்

1. நேற்று நம் வீட்டில் பழம் வந்ததா? வந்திருந்தால் யார் யார் சாப்பிட்டார்கள்? ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2. குழுவில் புதுசாகக் கல்யாணமானவர்கள், வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் உள்ள வீடுகள் எத்தனை என்று கணக்கெடுங்கள். கிராம சுகாதார செவிலியரைக் கூட்டத்துக்கு அழைத்து, ஃபோலிக் அமில மாத்திரையும் சத்து மாத்திரையும் பற்றிக் கேளுங்கள்.

3. பத்துப் பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை மொத்தமாகக் கொய்யாவோ நெல்லியோ வாங்கினால் விலை குறையும். யார் வாங்கி வருவது, யார் பங்கிடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

4. கொல்லையில் இடம் இருந்தால் ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, ஒரு முருங்கை வையுங்கள். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அவற்றுக்குப் போதும்.

5. உடம்பு ஆற்றும் என்று சொல்லி விற்கிற சாறு, பொடி எதற்கும் உள்கடன் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடுவதைப் பற்றி யோசியுங்கள். முடிவு உங்களுடையது. எடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் குழுவில் என்ன பேசினீர்கள், என்ன முடிவு எடுத்தீர்கள் என்று ஊக்குநர் மூலமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.